சொத்தையெல்லாம் முடித்துவிட்டு

ஜனவரி 19, 2003. ஞாயிறு

மூடுபனி. எதிர் பிளாக்கைக் காணவில்லை. பால்கனியில் போட்ட துணி வெள்ளிக்கிழமையிலிருந்து ஈரம். கீஸர் மறுபடி மக்கர். எலக்ட்ரீஷியனுக்குச் சொல்ல வேண்டும்.

காலையில் வழக்கம்போல் சுந்தரத்தின் போன், ஏப்ரலில் நான் கட்டிக்கொள்ளப்போகிறவர். அமெரிக்காவில் அது சனி இரவு. அவர் பேச ஆரம்பிப்பதற்கு முன் ஒரு இருமல், அதற்குப் பிறகு "என்ன சாப்பிட்டீங்க?" கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். உப்புமா என்றேன். ரவையா, சேமியாவா என்றார். நாற்பத்து மூன்று வயதில் இதற்கெல்லாம் நெஞ்சு நிறைகிறது. வெட்கமாக இருக்கிறது, எழுதி வைக்கிறேன்.

பிறகு இது:

"தப்பா எடுத்துக்காதீங்க. பல்லு மட்டும் அங்கயே காட்டிட்டு வந்துருங்க. இங்க ஒரு ரூட் கெனாலுக்குக் குடுக்கற காசுல ஒரு தடவை மெட்ராஸ் போய்ட்டு வந்துரலாம்."

சிரித்தேன். அவரும். பிறகு சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, கண்ணாடி எப்போது மாற்றியது, இதற்கு முன் ஆபரேஷன் ஏதாவது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் "சும்மா கேக்கறேன்".

போனை வைத்த பிறகு சிரிப்பு நிற்கவில்லை என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் சிரிக்கவே இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். வலது பக்கம். இடது பக்கம் கடிக்க முடியாது, ஓட்டை.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முதல் மனைவி இரண்டு வருடம் படுத்த படுக்கை. நவம்பரில் இங்கே டெல்லிக்கு என்னைப் பார்க்க வந்தபோது மலை மந்திர் முருகன் கோவில் படியில் உட்கார்ந்து சொன்னார்: "அவ போனப்பறமும் அவ பேருக்கு பில் வந்துட்டே இருந்துச்சுங்க. தபால்காரன் வந்தா உள்ள போயிடுவேன்." வீட்டை விற்று அடைத்தாராம். இப்போது வாடகை அபார்ட்மென்ட்.

இருந்தாலும் ஒரு மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் இருந்தது.

அவரிடம் சொல்லாதது: நான்கு மாதமாக உதிரப்போக்கு. ஒவ்வொரு தடவையும் பத்து நாள். ஆபீஸ் நாற்காலியில் பழைய ஷால் மடித்துப் போட்டு உட்காருகிறேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆபரேஷன் உண்டா என்று கேட்டதற்கு "இல்லை" என்றேன். கேட்டது இதற்கு முன்னால் நடந்ததைப் பற்றித்தானே.


ஜனவரி 20, திங்கள்

சார்ட்டர்ட் பஸ் நாற்பது நிமிஷம் லேட். யமுனைப் பாலத்தில் ஒன்றுமே தெரியவில்லை. டிரைவர் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி ஓட்டினான்.

மதியம் அரசு ஊழியர் டிஸ்பென்சரி. பல் டாக்டர் புது ஆள், சின்னப் பெண், பஞ்சாபி. மூன்று சொத்தை. ஒன்றை எடுத்துவிட வேண்டும், ஒன்றுக்கு ரூட் கெனால், ஒன்று அடைத்தால் போதும். "இவ்வளவு நாள் எப்படி ஆன்ட்டி தாங்கினீங்க?" என்று இந்தியில். ஒரு பக்கமாக மென்றுதான். ஆபீஸ் திரும்பியதும் சுந்தரத்துக்கு ஒரு வரி மெயில்: மூன்று சொத்தை, ஒன்றை எடுக்க வேண்டும்.

ஒரு பக்கமாக மெல்வது என்றதும் நினைவு. நவம்பரில் மலை மந்திர் வாசலில் தோசை சாப்பிட்டோம். சு. இடது பக்கமே மென்றார். வலது கன்னம் அசையவே இல்லை. சட்னியில் மிளகாய் கடிபட்டபோது முகம் சுளித்து, தண்ணீரை இடது பக்கமாகவே கொப்பளித்து விழுங்கினார். நான் எதுவும் சொல்லவில்லை. மனதில் மட்டும் குறித்துக்கொண்டேன். மாடு பல் என்று நேற்று எழுதினேனே.

டிஸ்பென்சரியிலேயே லேடி டாக்டரிடமும் சீட்டு வாங்கினேன். ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். வியாழன்.

பக்கத்து சீட் மிசஸ் குரானாவிடம் பொதுவாகக் கேட்பதுபோல்: விருப்ப ஓய்வு வாங்கினால் மருத்துவக் கார்டு தொடருமா? "தொடரும். ஏன், ஓடப் போறியா?" என்றாள். தொடரும், ஆனால் இங்கேதான் செல்லும். கடல் தாண்டினால் வெறும் அட்டை. அம்மாவின் கடைசி ஆறு மாதம் முழுக்க அந்த அட்டையில்தான் போயிற்று. அது இல்லாமல் ஒரு நாள் உடம்பு சரியில்லாமல் இருந்து பழக்கமில்லை எனக்கு.

வாங்க வேண்டியது: கிராம்புத் தைலம், நாப்கின் (பெரியது), தம்பி பெண் ஷ்ருதிக்கு கிராஃப் நோட்டு.


ஜனவரி 23, வியாழன்

குடியரசு தின ஒத்திகை. பாதி ரோடு மூடல். பஸ்ஸை எங்கெங்கோ சுற்றி விட்டார்கள். ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு அந்தப் பஸ்ஸில் இருந்ததை எந்த எதிரிக்கும் கொடுக்கக் கூடாது.

ஸ்கேன் அறையில் ஜெல் பனிக்கட்டி. எடுத்த பெண் திரையையே பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. "டாக்டர் பதாயேங்கே." டாக்டர் சொல்வார். கேட்காமலே சொன்னதால் பயம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் டி.வி. நிறுத்தியிருக்கிறது. தம்பி ரவி, அவன் மனைவி மாலதி, ஷ்ருதி மூவரும் ஹாலில். யாரோ செத்துப்போன மாதிரி.

ஷ்ருதிதான்: "அத்தை, சுந்தரம் அங்கிள் போன் ஆயா தா, போன் வந்துச்சு. வியாழக்கிழமை கால் பண்ணினதுக்கு ஸாரின்னார். ஒரு மெஸேஜ். சொத்தையெல்லாம் இங்கயே முடிச்சுட்டு வரணுமாம். அங்க வந்தப்பறம் ஒரு வருஷத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாதாம்."

குழந்தை சொல் மாறாமல் ஒப்பித்தது. பிறகு, "சொத்தைன்னா என்னன்னு அப்பாட்ட கேட்டேன். ப்ராப்பர்ட்டியாம்."

ரவி: "உக்காருக்கா. நானும் நல்ல ஆளுன்னு நெனச்சேன். பல்லு பாத்தியா, சுகர் பாத்தியான்னு கேட்டப்பவே எனக்கு என்னவோ பட்டுச்சு. இப்ப வீட்ட வித்துட்டு பணத்தோட வாங்கறான்."

நான் உட்காரவில்லை. கால் வீக்கமாக இருந்தது, அடிவயிற்றில் ஸ்கேன் கருவி அழுத்திய இடத்தில் வலி. முதல் அரை நிமிஷம் நானும் அப்படியேதான் புரிந்துகொண்டேன். அந்த அரை நிமிஷத்தில் முழுசாக நம்பினேன். வீட்டை விற்றுக் கடன் அடைத்தவர், இன்னொரு வீடு தேடுகிறார். எல்லாம் பொருந்தியது.

அப்புறம் நாக்கு தானாகப் போய் ஓட்டையைத் தொட்டது.

சொத்தை. பல் சொத்தை.

சிரிப்பு வந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் மாலதி, "நாங்க எங்க போறது, அண்ணி?" என்றாள். கத்தவில்லை. காய்கறி விலை கேட்பதுபோல் கேட்டாள். அவள் அதை ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது.

சொல்லாமல் உள்ளே போய்விட்டேன்.


ஜனவரி 24, வெள்ளி

இன்னும் சொல்லவில்லை.

ஏன் என்று யோசித்தேன். பஸ்ஸில், ஆபீஸில், கோப்பின் மேல். யார் என்ன நினைக்கிறார்கள் என்று பார்க்கத்தான். அதுதான் உண்மை. நல்ல காரணம் வேறு தேடினேன், கிடைக்கவில்லை.

பார்த்தது: காலையில் காபி டம்ளர் 'டொக்' என்று வைக்கப்பட்டது. ரவி ஷேவ் செய்துகொண்டே, கண்ணாடியைப் பார்த்து: "அப்பா ஹவுசிங் சொசைட்டில மெம்பர்ஷிப் போட்டப்போ எனக்குப் பத்து வயசு. நான்தான் கூட வந்தேன். இங்க அப்ப வெறும் காடு."

அப்பா மெம்பர்ஷிப் போட்டார். தவணை முழுக்க நான் கட்டினேன். பேர் என் பேரில். பால்கனியை அடைத்து அறையாக்கியது ரவி. சமையலறையில் டைல்ஸ் அவன். அம்மாவுக்கு பெட்பான் வைத்தது மாலதி, நான் ஆபீஸ் போன பகலெல்லாம். இதில் யாருடைய வீடு என்று எனக்கே தெரியவில்லை. யாரும் கேட்காததால் தெரியாமல் இருந்தது.

சு.வோடு போனால் வீட்டை என்ன செய்வது என்று நான் யோசித்ததே இல்லை. அவர்கள் தினமும் யோசித்திருக்கிறார்கள். நான் தினமும் அங்கே உடம்புக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஒரே வீட்டில் ஆளுக்கொரு பயம்.


ஜனவரி 26, ஞாயிறு

பனி கொஞ்சம் விலகி வெளிறிய வெயில். டி.வி.யில் அணிவகுப்பு. ஷ்ருதி ஒட்டகங்களுக்காகக் காத்திருந்தாள்.

போன் அடித்ததும் நான் எழுவதற்குள் ரவி எடுத்துவிட்டான். நாங்கள் கேட்டது இந்தப் பக்கம் மட்டும்:

"வணக்கம் சார். அக்கா இருக்காங்க. அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். நீங்க பெரியவர், நான் சொல்லக் கூடாது. ஆனா சொத்த பத்தியெல்லாம் இப்பவே பேசறது எங்க பக்கம் வழக்கமில்ல சார்."

மௌனம்.

"இல்ல சார், மூணு இருக்குன்னு யார் சொன்னா? ஒண்ணுதான். அதுவும் எங்கப்பா காலத்துது."

மௌனம்.

"புடுங்கிடலாம்னா என்ன அர்த்தம் சார்? மரியாதையா பேசுங்க."

மௌனம். பிறகு ரவியின் காது சிவந்தது. பின்னாலிருந்து பார்த்தேன்.

"எது? ... பல்லா?"

மாலதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஷ்ருதி, "க்யா ஹுவா? என்னாச்சு?" ரவி ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு பால்கனிக்குப் போனான்.

சு. மறுமுனையில் மூச்சுவிடாமல் சிரித்துக்கொண்டிருந்தார். "உங்க தம்பி உங்க அப்பாவோட பல்லு ஒண்ணு இருக்குன்னார்." அவர் ஆபீஸ் இன்ஷூரன்ஸில் புது மனைவிக்குப் பல் செலவு முதல் ஒரு வருடம் கிடையாதாம். அதைச் சொல்லத்தான் வியாழன் போன். நானும் சிரித்தேன். ஸ்கேன் பற்றிச் சொல்ல அதுதான் சமயம். சொல்லவில்லை. சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை.

அணிவகுப்பு முடிந்த பிறகு, சமையலறையில், மாலதி அப்பளம் பொரித்துக்கொண்டே:

"உங்களுக்கு அன்னிக்கே தெரியும், இல்ல அண்ணி?"

"என்னது?"

"பல்லுன்னு. டிஸ்பென்சரி போனது நீங்க. மூணு சொத்தைன்னு தெரிஞ்சவங்க நீங்க. மூணு நாளா எங்கள வேடிக்கை பாத்தீங்க. நல்லா இருந்துச்சா பரேடு?"

அப்பளம் ஒன்று கருகியது. அதை என் தட்டில்தான் போட்டாள்.


ஜனவரி 28, செவ்வாய்

லேடி டாக்டர். கர்ப்பப்பையில் கட்டிகள், ஒன்று பெரியது. எடுத்துவிடுவது நல்லது, முழுசாக. பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான், ஆனால் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினால்தான் நிச்சயம். எழுதிக்கொண்டே, தலை நிமிராமல்: "பச்சே தோ நஹீ சாஹியே ஆப்கோ?" குழந்தை வேண்டாமே உங்களுக்கு?

வேண்டாம் என்றேன். உடனே. ஷேர் ஆட்டோவில் இடம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பதுபோல. வெளியே பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அது என் பதில்தானா என்று சந்தேகம். சு.வும் நானும் குழந்தை பற்றிப் பேசியதே இல்லை. பேசும் வயசு இல்லை என்று இருவரும் தனித்தனியாக முடிவு செய்துகொண்டோம் போல.

ஆபரேஷன் தேதி பிப்ரவரி 18. கார்டில் இங்கே செலவு அனேகமாக இல்லை.

இப்போது விஷயம் இதுதான். தெளிவாக எழுதி வைத்தால் புரியும்.

சொல்லாமல் இங்கே முடித்துவிட்டு ஏப்ரலில் கல்யாணம். தழும்பைப் பார்க்காமலா இருப்பார். பார்த்தால்? பில் வந்தால் உள்ளே போய் ஒளிகிற மனுஷன்.

சொன்னால்: அவர் இரண்டில் ஒன்றுதான் சொல்ல முடியும். கல்யாணம் முதலில், ஆபரேஷன் பிறகு. அல்லது ஆபரேஷன் முதலில், டெஸ்ட் ரிசல்ட் வரட்டும், கல்யாணம் பிறகு. இரண்டாவதுதான் புத்திசாலித்தனம். நான் அவர் இடத்தில் இருந்தால் இரண்டாவதைத்தான் சொல்வேன். அவர் அதைச் சொல்லிவிடக் கூடாதே என்று இருக்கிறது.

நானும் எடை போட்டவள்தான். நவம்பரில் அவர் கைப்பையில் மாத்திரை டப்பா பார்த்தேன், கிழமை எழுதிய அறைகள். ஐம்பத்தொரு வயது. இன்னும் பத்து வருடத்தில் நர்ஸ் வேலைதான் நமக்கு என்று நினைத்தேன். அம்மாவுக்குப் பிறகு மறுபடியுமா என்று. அப்போதும் பஸ்ஸில் அவருக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தேன், அவர் "இல்ல, நீங்க உக்காருங்க" என்றார். எனக்கு யாரும் ஜன்னல் சீட் கொடுத்ததில்லை.


ஜனவரி 31, வெள்ளி

மழை, சின்னது. குளிர் எலும்பில்.

ஸ்கேன் ஃபிலிம் உறையைப் பீரோ மேல் வைத்திருந்தேன். மாலதி ஒட்டடை அடிக்கையில் கீழே விழுந்திருக்கிறது. சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள்:

"இதையும் சொல்ல மாட்டீங்களா?"

சொன்னேன். எல்லாவற்றையும். ஷால் மடித்துப் போட்டு உட்காருவது வரை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அவர்ட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லுங்க. வேணாம்னா போகட்டும். இப்பவே தெரியட்டும்." பிறகு, "எனக்கு ரெண்டு விதமாவும் இருக்கு அண்ணி. நீங்க போனா வீடு என்னாகுமோன்னு பயம். போகலன்னா நாங்கதான் காரணமோன்னு ஆயிடும். எதுக்கு வேண்டிக்கறதுன்னே தெரியல."

இந்த வீட்டில் இதுவரை யாரும் பேசியதில் இதுதான் நேர்மையான பேச்சு.

ஆஸ்பத்திரிக்குத் துணையாள் பேர் கொடுக்க வேண்டும் என்றேன். "எம் பேரப் போடுங்க. வேற யாரு?" என்றாள், எரிச்சலாக.

வீடு பற்றி நானும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று தெரிந்தபின்.


பிப்ரவரி 2, ஞாயிறு

விடியற்காலையிலேயே விழிப்பு. இரண்டு காபி. ரவி ஷ்ருதியை இழுத்துக்கொண்டு மார்க்கெட் போனான், தேவையே இல்லாமல். மாலதி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே பாத்திரச் சத்தமே இல்லை.

போன். இருமல். "என்ன சாப்பிட்டீங்க?"

"இன்னும் ஒண்ணும் சாப்பிடல. ஒரு விஷயம் சொல்லணும்."

சொன்னேன். டாக்டர் சொன்ன வரிசையிலேயே. ஆபீஸில் நோட் வாசிப்பதுபோல் வந்தது.

அந்தப் பக்கம் ஹீட்டரோ என்னவோ 'உம்ம்' என்று ஒரு சத்தம். பிறகு, "எவ்வளவு பெரிசு?" சொன்னேன். "டெஸ்டுக்கு எத்தனை நாள்?" சொன்னேன். எந்தக் கேள்வி கேட்க வேண்டும் என்று தெரிந்தவர் கேட்கிற கேள்விகள். முன்பே ஒரு முறை கேட்டவர்.

பிறகு:

"ரிப்போர்ட் வரட்டுங்க. அப்பறம் பேசுவோம்."

அவ்வளவுதான். எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தது வந்தால் வலிக்காது என்று யார் சொன்னது.

சரி என்று வைத்திருப்பேன். வைக்கப் போனேன். என்ன தோன்றியதோ:

"உங்க வலது பக்கத்துப் பல்ல எப்ப காட்டப் போறீங்க?"

"என்னது?"

"வலது பக்கம். கடவாய். நீங்க அந்தப் பக்கம் மெல்றதே இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நவம்பர்ல பாத்தேன். தோசை சாப்பிடறப்போ."

"அப்ப சொல்லலியே."

"நீங்களும் சொல்லல."

மறுபடி ஹீட்டர் சத்தம். பிறகு குரல் வேறு மாதிரி, தாழ்ந்து: "ரெண்டு வருஷமா இருக்குங்க. ஒரு தடவை போய் விலை கேட்டேன். திரும்பி வந்துட்டேன். ராத்திரில தூங்க முடியாது சில நாள். ஆபீஸ்ல ஐஸ்கிரீம் குடுத்தா வேணாம்பேன். சுகர் இருக்குன்னு சொல்லிக்குவேன். சுகரும் இருக்குதான்." இருமினார். "அவளுக்குப் பண்ணினதுக்கு அப்பறம் எனக்குன்னு ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கப் பிடிக்கல."

"இங்க வந்து பாத்துக்கலாம். எனக்குப் பாக்கற பொண்ணு நல்லா பாக்கறா. சொத்தையெல்லாம் முடிச்சுட்டுப் போங்க."

சிரிப்பாரென்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடியா, அப்பறமா?" என்று கேட்டார்.

நான் அவரிடம் எதிர்பார்த்துப் பயந்த கேள்வி. அவர் என்னிடம் கேட்கிறார். கேலியா, பயமா தெரியவில்லை. எனக்கு அவர் சொன்னதே அவருக்கு நானும் சொல்லலாம்: வாங்க, பார்ப்போம், அப்புறம் பேசுவோம்.

"டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

"கேளுங்க" என்றார். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவருடைய போன் கார்டு தீரப்போகிறது என்று மணி அடித்தது. பிறகு அதுவாகவே போனது.

மாலதி கதவைத் திறந்து என்ன ஆச்சு என்று கண்ணால் கேட்டாள். தெரியவில்லை என்று கை விரித்தேன். ரவை உப்புமா கொண்டு வைத்தாள். ஆறிப்போயிருந்தது.


பிப்ரவரி 4, செவ்வாய்

வெயில், கடைசியாக. துணி காய்ந்தது. கீஸர் சரி.

அரை நாள் லீவு. பல் எடுத்தாயிற்று. ஊசி குத்தும்போது மட்டும் வலி. பிறகு யாரோ அடுத்த அறையில் கதவை உடைப்பதுபோல் சத்தம், அவ்வளவே. பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னாள். இன்று முழுக்கச் சூடாக ஒன்றும் கூடாது, பேசக் கூடாது.

பஞ்சு வைப்பதற்கு முன்பே அந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தேன். மார்ச்சில் இன்னொருவரும் வரலாம், கார்டு கிடையாது, தனியாகக் காசு கொடுப்பார், அவள் சாயங்காலம் வைத்திருக்கும் கிளினிக்கில் பார்ப்பாளா? வலது கடவாய், இரண்டு வருட வலி, சர்க்கரை உண்டு. பார்க்கிறேன் என்றாள். சர்க்கரை ரிப்போர்ட் கொண்டுவரச் சொன்னாள். டைரியை எடுத்துப் பேர் எழுதிக்கொண்டாள், சுந்தரம், எழுத்துக் கூட்டிக் கேட்டு.

இப்போது பல்லை எடுத்து முடித்துக் கையுறையைக் கழற்றிக்கொண்டே, பேனாவை மறுபடி எடுத்து, "ஆன்ட்டி, அவர் உங்களுக்கு யார்?" என்று கேட்டாள்.

வாய் நிறையப் பஞ்சு.